வேன் வைத்துப் போட்ட ஓட்டு

எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், கிரேஹார்பரில் ஞானம்பாள் ஒன்றரை வருஷமாக முதல் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கிரேஹார்பர் என்பது ஊர் இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நண்டையும் ஓநாயையும் அடித்துப் படிப்படியாக ஏற வேண்டும். மீசை முளைக்காத பயல்கள்கூட ஒரு வாரத்தில் இருபதாவது படிக்குப் போய்விடுகிறார்கள். ஞானம்பாள் மட்டும் மூலிகை பறித்து விற்றுக் காலத்தை ஓட்டினாள்.

"ஆன்ட்டி, அது நெச நண்டு இல்ல, பொம்மை. ரெண்டு தட்டு தட்டுங்க, லெவல் ஏறிக்கும்," என்று நெட் சென்டர் ஷபீர் கெஞ்சாத நாளில்லை.

"பொம்மையா இருந்தா என்னப்பா, கண்ணை உருட்டிப் பார்க்குதே," என்பாள் அவள்.

படி ஏறுவதற்காக அவள் அங்கே போகவில்லை. அந்த விளையாட்டில் ஒரு துறைமுகப் பட்டணம் உண்டு. அதன் பெரிய வாசலுக்குப் பக்கத்தில் அவள் பிள்ளை கடை விரித்து உட்கார்ந்திருந்தான். செத்துப்போன பிள்ளை.

பிரவின்குமார் ஒரே மகன். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குள் கடல் புகுந்த அன்றைக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளை மொட்டைமாடிக்குத் தூக்கிவிட்டுத் தானும் பிழைத்தவன் அவன். கடலே விட்டுவைத்தவனை ஆறு மாசம் கழித்து ஒரு மணல் லாரி கொண்டுபோயிற்று. இதற்கு யாரைத் திட்டுவது என்று ஞானம்பாளுக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு சாமியாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. புதுப்பட்டினம் கடைத்தெருவில் கியாசுதீன் பாயின் நெட் சென்டரில் பிரவின் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டான். சமையல் முடிந்து வெகுநேரம் ஆகியும் வரவில்லை. ஞானம்பாள் சென்டருக்குப் போன் போட்டாள். "வத்தக்குழம்பு ஆறிப்போச்சுடா. எழுந்து வரப்போறியா இல்லையா?" என்று கத்தினாள். "அஞ்சு நிமிஷம்மா," என்றான் அவன். "அஞ்சு நிமிஷமும் இல்லை ஆறு நிமிஷமும் இல்லை, இப்பவே கிளம்பு," என்று இவள் போனை வைத்தாள். அவனும் கிளம்பிவிட்டான். சென்டருக்கும் வீட்டுக்கும் நடுவில், ரோடு திரும்புகிற இடத்தில், லாரி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஷபீர் வீட்டுக்கு வந்தான். கியாசுதீன் பாயின் மகன், பிரவினைவிட ஒரு வயசு சின்னவன். சென்டரில் கிடந்த பிரவினின் தோள்பையைக் கொடுத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றான்.

"ஆன்ட்டி, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. பிரவின் அண்ணாத்த இன்னும் அங்கயே ஒக்காந்துகினு கீறாரு."

ஞானம்பாளின் புருஷன் சதாசிவம் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டார். ஞானம்பாள் மறுநாள் காய்கறிப் பையோடு நேராகச் சென்டருக்குப் போய் நின்றாள்.

ஷபீர் காட்டினான். பச்சைத் தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது கொட்டாவி விட்டான், கழுத்தைச் சொறிந்துகொண்டான். தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஞானம்பாள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'சாப்டு வரேன். பேரம் பேசாதீங்க.'

விஷயம் இதுதான். விளையாடுகிறவன் எழுந்து போக வேண்டி வந்தால், தன் ஆளைக் கடை போட்டு உட்கார வைத்துவிட்டுப் போகலாம். வருகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சரக்கு தீர்கிறவரை ஆள் அங்கேயே இருப்பான். கடைசிச் சரக்கு விற்றதும் எழுந்து மறைந்துவிடுவான். அம்மா போனில் கத்தியதும் பிரவின் அவசரமாகச் செய்தது அதைத்தான். செய்தி பரவுவதற்குள் விவரம் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு ராந்தல் விளக்கு. அதை மட்டும் யாரும் வாங்குவதில்லை என்று அங்கே விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். யாரும் எழுதிப் போட்ட சட்டம் இல்லை. புதிதாக வந்த எவனாவது ராந்தலை விலை கேட்டால் நாலு பக்கத்திலிருந்தும் கத்துவார்கள். "டேய், கைய எடுறா அதுலேர்ந்து!"

ஞானம்பாளுக்கும் ஷபீர் ஓர் ஆளைச் செய்து கொடுத்தான். கடைத்தெருவுக்கு வருகிற நாளெல்லாம் அவள் ஒரு மணி நேரம் உள்ளே போய், மகனுக்குப் பக்கத்தில் தன் ஆளை உட்கார வைத்தாள். 'அம்மா வந்தாச்சு' என்று பயல்கள் சுற்றிக்கொள்வார்கள். பூ கொண்டுவந்து போடுவார்கள், மீன் கொண்டுவந்து போடுவார்கள். மீனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அங்கே அவள் அழுததில்லை. அந்தப் பலகையில் பிள்ளை சாப்பிடப் போயிருக்கிறான், திரும்பி வருவான். அது பொய்யென்று தெரியாத முட்டாள் இல்லை அவள். ஆனாலும் உலகத்தில் வேறு எந்த இடத்திலும் அப்படி எழுதியில்லையே.

சதாசிவம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அணு ஆராய்ச்சி மையத்தில் சயின்டிபிக் அசிஸ்டென்ட். கணக்கும் ஒழுங்கும் ரத்தத்தில் ஊறிய மனுஷன். பிள்ளை போனதிலிருந்து வீட்டில் உப்பு போதுமா, பால் வந்ததா என்பதற்கு மேல் பேச்சில்லை. "பொம்மையைப் பார்த்துட்டு வந்தாச்சா?" என்று ஒருநாள் கேட்டார். அவள் ஒரு வாரம் மோர் ஊற்றவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

இரண்டாயிரத்து ஆறு, கார்த்திகை மாசம். மழை விட்டிருந்த ஒரு காலையில் ஷபீரின் முகமே சரியில்லை.

"இன்னாத்த சொல்றது ஆன்ட்டி. ஒரே பேஜாராப் போச்சு. இந்த வருசம் ஓட்டு வெக்கிறானுங்க."

கிரேஹார்பரும் அது மாதிரி இன்னும் ஏழெட்டு விளையாட்டும் ஓடிக்கொண்டிருந்தது மறைமலைநகரில் இருந்த பாலா என்பவனின் சர்வரில். கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, கைக்காசைப் போட்டு அவன் இதை நடத்தினான். 'களம்' என்று இணையத்தில் ஒரு மன்றமும் வைத்திருந்தான். வருஷா வருஷம் மார்கழியில் அங்கே ஓட்டு நடக்கும். உலகத்திலேயே சிறந்த ரோல்-பிளேயிங் விளையாட்டு எது, இரண்டாவது எது, மூன்றாவது எது என்று பட்டியல் வரும். பட்டியல் வந்ததும் ஒரு மாசத்துக்கு அடிதடி நடக்கும். அத்தோடு சரி, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வருஷம் சர்வர் பாரம் தாங்கவில்லை. முதல் மூன்று இடம் பிடிக்கிற விளையாட்டு மட்டும்தான் இனிமேல் ஓடும், மற்றதெல்லாம் போகிப் பண்டிகையோடு நிறுத்தம் என்று பாலா அறிவித்துவிட்டான். டீக்கடையில் சண்டை போடுவதற்கென்று இருந்த பட்டியலின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டான்.

"நம்ம விளையாட்டு நல்லாத்தானே இருக்கு. ஜெயிக்காதா?" என்றாள் ஞானம்பாள்.

"நல்லாக் கீதுன்னா எவன் ஆன்ட்டி ஓட்டு போடறான்? எம்பர் கிங்ஸ்னு இன்னொரு கேமு கீது, அத்த ஆடறவன் நம்ம கேமைத் தொறந்தே பாத்திருக்க மாட்டான். ஆனா அதுதான் பெஸ்ட்டுன்னு சத்தியம் பண்ணுவான். அவன் செட்டு எதுக்குக் குத்துதோ அதுக்குக் குத்துவான். நான் மட்டும் யோக்கியமா? நானும் அப்டித்தான்."

"யார் வேணா போடலாமா?"

"மெம்பரா சேந்தா யாரு வேணா போடலாம். ஆனா ஒரே எடத்துலேர்ந்து கும்பலா வுழுந்தா அவனுங்களுக்கு டவுட்டு வந்துரும். அவசரப்படாதீங்க. நான் அங்க ரெண்டு இங்க ரெண்டுன்னு பிரிச்சுப் போட வெக்கிறேன்."

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஞானம்பாள் வாயை அடக்க முடியாமல் புருஷனிடம் சொல்லிவிட்டாள். ஓட்டு தோற்றால் பையன் போய்விடுவான் என்றாள். சதாசிவம் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"டவுட்டு எதுக்கு வரும்?" என்றார். "கள்ளத்தனமாப் பண்ணினா வரும். அங்க ரெண்டு இங்க ரெண்டுன்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டா வராம என்ன செய்யும்? நிஜமான ஆளுங்க, நிஜமான பேரு, எல்லாரும் ஒண்ணாப் போய் வரிசையில நின்னு போட்டா எவன் கேள்வி கேட்பான்?"

தேர்தல் டியூட்டிக்கு மூன்று முறை போய் வந்தவர் அவர். ஒரு தடவை செய்யூர் பக்கத்தில், கள்ள ஓட்டுப் போட வந்தவனைக் கையோடு பிடித்து போலீசில் ஒப்படைத்திருக்கிறார். ஓட்டு எப்படி நடக்க வேண்டும் என்று இவருக்கா பாடம்? ஒன்றரை வருஷமாக முடங்கிக் கிடந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ, மறுநாளே பேப்பரும் பேனாவுமாக பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினார். மாடி வீட்டு அம்சாவை முன்னால் நிறுத்தினார். வாரந்தோறும் விளக்குப் பூஜை செய்கிற கூட்டம் அம்சாவின் கைப்பிடியில் இருந்தது. பிரவின் கை தூக்கிவிட்ட குழந்தைகளின் அம்மாக்களும் அதில் இருந்தார்கள். யாரும் எதற்கு என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. கோயில் டூருக்கு வழக்கமாக வருகிற தாமோதரனின் வேனை, மார்கழியில் ஓட்டு நடக்கிற ஒரு நாளுக்குச் சதாசிவமே பேசி வைத்தார்.

ஷபீரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாமே என்று ஞானம்பாளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா செருகி, "கிளம்பலாமா ஞானம்?" என்று கேட்டபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே எத்தனை காலம் ஆயிற்று என்றுதான் நினைத்தாள்.

அன்றைக்கென்று ஷபீர் மானிட்டர் வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த கியாசுதீன் பாய்க்கு விளையாட்டும் தெரியாது, ஓட்டும் தெரியாது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு வேன் நிறையப் பொம்பிளைகள் இறங்குவதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க வாங்க, எல்லாரும் ஒக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

சதாசிவம் கதவருகே நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பெயரையும் குவார்ட்டர்ஸ் நம்பரையும் உள்ளது உள்ளபடி அடிக்க வைத்தார். ஒருத்தி ஓட்டை இன்னொருத்தி போடக்கூடாது என்று கண்டிப்பு. தட்டத் தெரியாதவளுக்கு எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினார். இந்த விளையாட்டு ஏன் பிடிக்கும் என்று கேட்ட இடத்தில் ஆளுக்கொன்று எழுதினார்கள். 'பிரவின் தம்பிக்காக.' 'நல்ல பிள்ளை.' அம்சா யோசித்து, 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதினாள்.

எல்லோரும் போட்டு முடித்ததும் அவர் மனைவியிடம் வந்தார். "எங்க உட்கார்ந்திருக்கான்?"

அவள் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திரையில் பச்சைத் தலைப்பாகை ஒரு கொட்டாவி விட்டு, கழுத்தைச் சொறிந்தது.

"இப்படித்தான் சொறிவான்," என்றார் சதாசிவம். "பரீட்சைக்குப் படிக்கறப்போ இதே மாதிரிதான்."

அந்த விளையாட்டில் உட்காருகிற எவனாக இருந்தாலும் அப்படித்தான் சொறிவான். ஞானம்பாளுக்கு அது தெரியும். அவள் சொல்லவில்லை. வேனில் திரும்பும்போது அவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாமோதரனிடம் அரசியல் பேசிக்கொண்டே வந்தார். அவள் பின்னால் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஊருக்குத் திரும்பிய ஷபீர் விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனாலும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் வந்த பிறகுதான் சொன்னான். கிரேஹார்பர் முதல் மூன்றில் இல்லை. கடைசியிலும் இல்லை. பட்டியலிலேயே இல்லை. கீழே தனியாகப் பெயரைப் போட்டு அடித்து, பக்கத்தில் 'கள்ள ஓட்டு' என்று போட்டிருந்தது.

கள்ள ஓட்டு. அந்தச் சொல்லைப் புருஷன் காதில் போட அவளுக்கு மனசு வரவில்லை. அம்சாவோடு திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஷபீரோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டு போய், அங்கே மாறி மறைமலைநகரில் இறங்கினாள்.

பாலா குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். ஷிப்ட் முடிந்து வந்தவன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை. மூலையில் சர்வர், ஒரு கறுப்புப் பெட்டி, உறுமிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி அதன் பக்கம் திரும்பியிருந்தது. யாரென்று ஷபீர் சொன்னதும் பாலா முகம் மாறிப்போய், இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர் கொடுத்தான். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அவங்க யாரும் கள்ள ஆளுங்க இல்லப்பா," என்றாள். "நீ வா, வீடு வீடா அழைச்சிட்டுப் போய்க் காட்டறேன்."

"தெரியும்மா. படிச்சாலே தெரியுது. யாருமே குவார்ட்டர்ஸ் நம்பர் போட்டுக் கள்ள ஓட்டு போட மாட்டாங்க." அவன் தரையில் உட்கார்ந்தான். "ஒரு சென்டர்ல எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியில போற லைன் ஒண்ணுதான். அதுக்கு ஒரே நம்பர்தான் விழும். ஒரு நம்பர்லேர்ந்து அஞ்சு ஓட்டுக்கு மேல வந்தா அந்த கேமையே தூக்கிடணும்னு ரூல். போன வருஷம் எம்பர் கிங்ஸ் பசங்க ஒருத்தனே உட்கார்ந்து நாப்பது ஓட்டு குத்தினான். அதுக்கப்புறம் மெம்பருங்க எல்லாரும் கேட்டு வெச்ச ரூல் இது. நான் மட்டும் மாத்த முடியாது."

"தெரிஞ்சும் தூக்கிட்டியே."

"அம்மா, ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவங்கள்ல ஒருத்தராவது இந்த கேமை விளையாடியிருக்காங்களா?"

ஞானம்பாள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது எந்த கேம் நல்லதுன்னு சொல்ற லிஸ்ட். யார் மேல பாசம்னு சொல்ற லிஸ்ட் இல்லம்மா."

"நீ எதுக்குப் போட்டே?"

"எம்பர் கிங்ஸுக்கு."

"நல்லதுன்னு போட்டியா, பிடிக்கும்னு போட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டும்தாம்மா."

"எனக்கும் ரெண்டும்தான்."

பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. மன்னித்துச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மெம்பர்களிடமே மறுபடி ஓட்டுக்கு விட்டதாகப் பாலா சொன்னான். வேண்டாம் என்றுதான் அதிகம் பேர் போட்டிருந்தார்கள். கிரேஹார்பர் போனதால் மூன்றாவது இடத்துக்கு வேறொரு விளையாட்டு ஏறிவிட்டதாம். அதற்கு வேண்டியவர்கள் அதை விட்டுக்கொடுப்பார்களா? அம்மா வந்தாச்சு என்று பூ போட்ட பயல்களில் பாதிப்பேர் அந்த விளையாட்டையும் ஆடுகிறவர்கள். இங்கே பூவைப் போட்டுவிட்டு அங்கே போய் ஓட்டைப் போட்டார்கள். மனுஷ ஜென்மம் அப்படித்தான் என்று விட வேண்டியதுதான். ஞானம்பாளால் அன்றைக்கு விட முடியவில்லை.

ஷபீர்தான் கேட்டுத் தொலைத்தான். "அண்ணாத்த, எங்க ஓட்டே இல்லேன்னு வெச்சுக்க. அப்ப எத்தினியாவது வந்திருக்கும்?"

"விடு ஷபீர், அது எதுக்கு இப்போ?"

"சொல்லுப்பா," என்றாள் ஞானம்பாள்.

பாலா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மூணாவது. தாராளமா வந்திருக்கும். நெறைய பேர் போட்டிருந்தாங்கம்மா. நீங்க சும்மா இருந்திருந்தாலே போதும்."

அவள் எழுந்தாள். வேண்டுமானால் ஷபீரின் சென்டரிலேயே அதே மாதிரி ஓர் ஆளைச் செய்து, அதே பலகை எழுதி, அதே தூண் ஓரத்தில் உட்கார வைத்துத் தருகிறேன் என்று பாலா வாசல்வரை வந்து சொன்னான். உண்மையாகத்தான் சொன்னான்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "இது அவன் கையால உட்கார வெச்சது."

பஸ் செங்கல்பட்டு ஏரியைத் தாண்டும்போது அவள், "சார் கிட்ட இதெல்லாம் மூச்சு விடாதே ஷபீர்," என்றாள். "ஒருத்தர் தூக்கிச் சுமந்தா போதும்."

"இன்னா ஆன்ட்டி நீங்க," என்று ஆரம்பித்தவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் சதாசிவம் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. "ரிசல்ட் வந்துடுச்சாம். ஓட்டு பத்தலையாம்," என்றாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

போகியன்று காலையில் குவார்ட்டர்ஸ் வாசல்களில் பழைய பாயும் கிழிந்த துணியும் எரிந்து, தெருவெல்லாம் புகையாக இருந்தது. சாயங்காலம் சர்வரிலிருந்து கிரேஹார்பரை எடுத்துவிடுவதாகப் பாலா எழுதியிருந்தான். ஞானம்பாள் சமையலை முடித்து மூடிவைத்துவிட்டு, சாப்பாட்டு வேளைக்குச் சென்டருக்குப் போனாள். நானும் வருகிறேன் என்று எழுந்தவரை, நெஞ்சு சரியில்லை, புகையில் வர வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

துறைமுகப் பட்டணத்தின் வாசலில் எள் போட்டால் விழாது. இத்தனை பேர் விளையாடினார்களா என்றிருந்தது. பிரவினைச் சுற்றி வட்டம் போட்டு நின்றார்கள். அவள் வந்ததும், ஸாரி அம்மா, மன்னிச்சிடுங்க அம்மா என்று வரிசையாக எழுத்து ஓடியது. ஒருவன் இருபது பூ போட்டான். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை. தன் ஆளை நடத்திக்கொண்டு போய், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்காராமல், மகனுக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, இன்னா பண்ணப் போறீங்க?" என்றான் ஷபீர்.

"எவனோ சுவிட்சைத் தட்டி அவன் போக வேண்டாம்ப்பா. அன்னைக்கு நான் கூப்பிட்டுத்தான் எழுந்தான். இன்னைக்கும் நானே கூப்பிடறேன்."

எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினாள். 'சாப்பாடு ரெடி. எழுந்து வாடா.' சுற்றி ஓடிக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. அவள் கடையைத் திறந்தாள். ராந்தல் விளக்கு ஒன்றே ஒன்று இருந்தது. ஒன்றரை வருஷமாக மூலிகை விற்ற காசு அவளிடம் இருந்தது. பேரம் பேசவில்லை. வாங்கினாள்.

பலகை மறைந்தது. பச்சைத் தலைப்பாகை எழுந்து நின்று, ஆடையைத் தட்டிவிட்டுக்கொண்டது. அப்புறம் அந்த இடத்தில் தூண் மட்டும் இருந்தது.

ஷபீர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு லாரி போகிறவரை நின்று, தாண்டி, வீட்டுக்கு வந்தாள்.

சதாசிவம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டானா?"

"ம்."

"எத்தனை ஓட்டு குறைஞ்சுதுன்னு அந்தப் பையனைக் கேட்டியா?"

"கொஞ்சம்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தாமோதரன் அன்னைக்கே சொன்னான், ரெண்டு வேனா எடுத்துக்குங்க சார்னு. நான்தான் ஒண்ணு போதும்னேன். இன்னொரு வேன் வெச்சிருக்கணும் ஞானம். என்னாலதான் போச்சு."

ஞானம்பாள் அவருக்கு எதிரே தட்டை வைத்தாள். சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள்.

"ஆறிப்போயிடும், சாப்பிடுங்க," என்றாள்.